விமானக் கோலும் விமானியின் கையும்

சிறிய ஆகாய விமானம் ஒன்றின் சிறகோரத்தில் காற்று சற்றே கலங்கினாலும், வாலிலுள்ள எலிவேட்டரின்மேல் அழுத்தம் சிறிதளவு கூடினாலும், அந்தச் செய்தி அலுமினியக் குழாய்களின் வழியாகவும் அவற்றை இணைக்கும் மூட்டுகளின் வழியாகவும் பிரயாணம் செய்து, கடைசியில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய ஓரிடத்தில் வந்து சேர்கின்றது. அவ்விடம், விமானியின் முழங்கால்களுக்கு நடுவே நிற்கும் கட்டுப்பாட்டுக் கோலின் உச்சியிலுள்ள கைப்பிடி. எஞ்சினின் சக்தியையும் சிறகின் வளைவையும் விரிவாக ஆராய்கிற நூல்களிற் பல இந்தக் கைப்பிடியை ஒரு வரியிலேயே கடந்துவிடுகின்றன. ஆயினும், தம் விமானத்தைத் தாமே நிர்மாணிக்கும் ஒருவர் எதிர்கொள்கிற தீர்மானங்களுள் இதைவிட அந்தரங்கமானது வேறொன்றில்லை என்பது என் எண்ணம். பறக்கும் நேரமெல்லாம் அவர் தொட்டுக்கொண்டிருப்பதும், தொட்டறிந்ததைக் கொண்டே அடுத்த கணம் செய்யவேண்டியதை நிர்ணயிப்பதும் இந்த ஓரிடத்தில்தான்.

கோலின் தொழில் பார்வைக்கு எளியது. அடியிலுள்ள சுழல்மூட்டின்மேல் அது நிற்கின்றது. முன்னே தள்ளினால் எலிவேட்டர் தாழ்ந்து விமானத்தின் மூக்கு இறங்குகிறது, பின்னே இழுத்தால் மூக்கு உயர்கிறது, பக்கவாட்டில் சாய்த்தால் இரு சிறகுகளிலுமுள்ள எய்லரான்கள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக அசைந்து விமானத்தைச் சாய்க்கின்றன. பெரிய ஜெட் விமானங்களில் எண்ணெய் அழுத்தமும் கணினியும் இடையில் நின்று அந்த வேலையைச் செய்வதால், அங்கே விமானியின் கைக்கு வரும் எதிர்விசை செயற்கையாக உண்டாக்கித் தரப்படுவது. இலகு விமானத்தில் அத்தகைய இடையீடு எதுவும் கிடையாது. வேகம் இருமடங்கானால் அதே அளவு அசைவுக்குக் காற்று நான்மடங்கு எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பு மாற்றமேதுமின்றிக் கைக்கு வந்து சேர்வதால், அனுபவமுள்ள விமானி வேகமானியைப் பாராமலே, கோல் இறுகியிருக்கிறதா தளர்ந்திருக்கிறதா என்பதைக் கொண்டே தம் வேகத்தை ஓரளவு மதிப்பிட்டுவிடுகிறார்.

இந்த ஏற்பாடு பறத்தற்கலை பிறந்த நாளிலேயே அமைந்துவிடவில்லை. 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் பறந்த யந்திரத்தில் விமானி குப்புறப் படுத்துக்கொண்டு, இடது கையில் ஒரு நெம்புகோலால் மூக்கை ஏற்றி இறக்கினார்; சிறகுகளை முறுக்குவதற்கோ இடுப்பைத் தாங்கிய ஒரு தொட்டிலை இடமும் வலமுமாக நகர்த்தினார். இரு வேறு திசைகளின் ஆட்சியையும் ஒரே கைக்குள் கொணர்ந்த கோல் பிரான்ஸ் தேசத்து எஞ்சினியர் ரொபேர் எஸ்னோ பெல்த்ரீயின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. அது 1907-ஐ ஒட்டிய காலத்தது. 1909 ஜூலை 25 அன்று இங்கிலீஷ் கால்வாயைக் கடந்த லூயி பிளேரியோவின் விமானத்திலும் அவ்வித ஒற்றைக் கோலே இருந்தது. அதன் தலையில் ஒரு சிறு சக்கரம் இருந்தபோதிலும், அது சுழலாது, கை பற்றிக்கொள்வதற்கு மட்டுமே பயன்பட்டது. இரண்டாம் உலக மகாயுத்தத்தின் ஸ்பிட்ஃபயர் விமானத்தில் கோலின் முனை ஒரு வளையமாக இருந்தது. குறுகிய அறைக்குள் விமானியின் தொடைகள் இடிபடாதிருக்கும் பொருட்டு, அக்கோலின் மேற்பகுதி மட்டும் பக்கவாட்டில் சாயும்படி மூட்டு மேலே வைக்கப்பட்டிருந்தது. வளையத்தை எந்தக் கையாலும் பற்றலாம், இரு கைகளாலும் சேர்த்து இழுக்கலாம், துப்பாக்கிப் பொத்தானோ கட்டைவிரலுக்கு நேரே காத்திருக்கும். மனித உடலின் அளவையும் செய்யவேண்டிய காரியத்தையும் முன்வைத்துக் கைப்பிடியின் வடிவத்தை நிர்ணயித்தமைக்கு இதைவிட அழகான உதாரணத்தை நான் அறியேன்.

தொழிற்சாலையில் செய்து விற்கப்படும் விமானத்தை வாங்குபவருக்குக் கைப்பிடியைப் பற்றிய தெரிவு ஏதும் இல்லை. தாமே கட்டிக்கொள்பவருக்கோ அது முற்றிலும் அவர் பொறுப்பு. அமெரிக்காவில், ஒரு விமானத்தின் பெரும்பகுதி வேலையைத் தம் கல்விக்காகவும் ஆனந்தத்துக்காகவும் ஒருவர் தாமே செய்திருந்தால் அதற்குச் சோதனை வகைச் சான்றிதழ் வழங்கும் சட்டம் நெடுங்காலமாக நடப்பில் இருந்துவருகிறது. ஓரிகன் மாநிலத்தில் ரிச்சர்ட் வான்க்ரன்ஸ்வன் என்பவர் 1973-இல் தொடங்கிய வான்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி. வரிசை விமானங்கள் அவ்விதம் வீட்டுக் கொட்டகைகளில் உருவாகி, இதுவரை பத்தாயிரத்துக்கு மேற்பட்டவை பறந்திருக்கின்றன. நெஞ்சில் விமானம் கட்டும் ஆசையுள்ள ஒருவருக்குப் பாகங்கள் நிறைந்த பெட்டிகள் வந்து சேரும்போது, கோல் என்பது வளைந்த ஓர் உலோகக் குழாய் மாத்திரமே. அதன் உச்சியில் எதைப் பொருத்துவது, குழாயை எந்த உயரத்தில் அறுப்பது, எத்தனை பொத்தான்களை வைப்பது என்பனவெல்லாம் அவர் தீர்மானிக்க வேண்டியவை. இன்ஃபினிட்டி, ரே ஆலன், டாஸ்டன் முதலியோர் ஆயத்தமாகச் செய்து விற்கும் கைப்பிடிகள் உண்டு. ஹியூ ஹெலிகாப்டரில் இருந்த பி-8 என்னும் ராணுவக் கைப்பிடியையோ அதன் பிரதியையோ தேடி வாங்குவோர் உண்டு. சைக்கிள் கைப்பிடி உறையைச் செருகிக்கொண்டு நிம்மதியாகப் பறப்பவர்களும் உண்டு.

தேர்வு செய்யப் புகுவோர் முதலிற் பார்ப்பது பொத்தான்களின் எண்ணிக்கையையே. முதலிற் பார்க்கவேண்டியது கை. ஜான் நேப்பியர் என்ற ஆங்கில மருத்துவ அறிஞர் 1956-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மனிதக் கை பொருள்களைப் பற்றும் முறைகளை இரு பெரும் வகைகளாகப் பிரித்துக் காட்டினார். சுத்தியலைப் பிடிப்பதுபோல விரல்கள் மடங்கி உள்ளங்கையோடு சேர்த்துப் பொருளை அமுக்கிப் பிடிப்பது ஒன்று, அது வலிமைக்குரியது. பேனாவைப் பிடிப்பதுபோலக் கட்டைவிரலும் மற்ற விரல்களின் நுனிகளும் எதிரெதிரே நின்று ஏந்துவது மற்றொன்று, அது நுட்பத்துக்குரியது. ஆர்.வி. போன்ற விமானங்களின் கோல் சிறு விசைக்கே பணிவது. அதனை இரண்டாம் வகையிற் பிடிப்பதே உசிதம். ஆனால் தடித்துப் பருத்து, ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனிப் பள்ளம் செதுக்கப்பட்ட யுத்த விமானக் கைப்பிடி, கையை முதல் வகைக்கு இழுத்துச் செல்கிறது. பற்று இறுக இறுக முன்கைத் தசைகள் விறைத்து, விமானம் சொல்வதைக் கேட்கும் சக்தி குறைந்துபோகிறது.

இந்தக் கேட்கும் சக்தி கவித்துவமான அலங்காரச் சொல்லன்று, உடற்கூற்று நூலில் உள்ள விஷயம். விரல் நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்த இரு முனைகளை இரண்டென்று உணர முடிகிறது. உள்ளங்கையில் அதற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடைவெளி வேண்டியிருக்கிறது. தோலுக்கடியிலுள்ள மெய்ஸ்னர் நுண்ணுறுப்புகள் வினாடிக்குப் பத்து முதல் ஐம்பது வரையிலான மெல்லிய துடிப்புகளையும், அதற்கும் ஆழத்திலுள்ள பசீனி நுண்ணுறுப்புகள் இருநூறு முந்நூறு என்ற வேகமான அதிர்வுகளையும் சிறப்பாகக் கிரகிக்கின்றன. விமானத்தின் வேகம் அளவுக்குமீறிக் குறைந்து, சிறகைத் தழுவி ஓடிய காற்று கிழிந்து சுழன்று வாலில் மோதும்போது உண்டாகும் நடுக்கம், குழாய்களின் வழியே கோலுக்கு ஏறிவருகிறது. விமானம் தன் ஆதாரத்தை இழக்கப்போகிறது என்பதற்கு அதுவே முன்னறிவிப்பு. விரல் நுனிகளால் ஏந்தியிருக்கும் கை அதை உடனே பெற்றுக்கொள்கிறது. தடித்த பஞ்சுறையை முட்டியாக இறுக்கிப் பிடித்திருக்கும் கைக்கு அது மங்கலாகவே எட்டும். ஆதலின் அதிர்வைத் தின்னும் மெத்தென்ற உறைகளைவிட, உறுதியான, வியர்வையில் வழுக்காத, சற்றே மெலிந்த கைப்பிடியே எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது.

அசைவின்றி விசையை மட்டும் உணரும் கோலொன்றைச் செய்து பார்த்த வரலாறும் உண்டு. எஃப்-16 விமானத்தின் முதல் மாதிரியில், வலப்புறத்தில் பொருத்தப்பட்ட சிறு கோல் சிறிதும் நகராது. கை அழுத்தும் விசையை அளந்து கணினிக்குச் சொல்லுவதே அதன் வேலை. 1974 ஜனவரி 20 அன்று எட்வர்ட்ஸ் தளத்தில் ஓடுபாதைப் பரிசோதனையின்போது, பக்கவாட்டுக் கட்டுப்பாடு அளவுக்குமிஞ்சிய கூர்மையுடன் அமைந்திருந்தமையால் விமானம் இருபுறமும் ஆடத் தொடங்கி, ஓட்டியவர் வேறு வழியின்றி அதை ஆகாயத்தில் ஏற்றிப் பத்திரமாக இறக்கினார். பின்னர் கட்டுப்பாட்டின் கூர்மை குறைக்கப்பட்டதோடு, வேறு விமானிகளின் அபிப்பிராயங்களையும் கேட்டுக் கோலுக்கு மிகச் சொற்பமான அசைவும் கொடுக்கப்பட்டது. கை எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது என்பதையும் மனித மூளை அறிய விரும்புகிறது. விசை ஒன்றே அதற்குப் போதவில்லை.

இனி அளவுகளுக்கு வருவோம். கைப்பிடியை மேஜையின்மேல் வைத்துப் பார்த்து வாங்குவது வீண். விமானத்தின் இருக்கையில், பறக்கும்போது உபயோகிக்கப்போகும் மெத்தையையும் இட்டு, வார்ப்பட்டைகளைக் கட்டிக்கொண்டு, முன்கையைத் தொடையின்மேல் சாய்த்து உட்கார்ந்த பிறகே உயரத்தைக் குறிக்க வேண்டும். தொடையில் தாங்குண்ட கை, காற்றின் குலுக்கலில் விமானத்தோடு சேர்ந்தே அசைவதால், விரும்பாத அசைவுகளைக் கோலுக்குத் தருவதில்லை. ஆர்.வி.-7 போன்று இருவர் அருகருகே அமரும் விமானத்தில் எஞ்சினின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் நடுவே இருப்பதால் இடப்புற விமானி இடக்கையாலும், வலப்புறத்தவர் வலக்கையாலும் கோலைப் பிடிக்கிறார்கள், ஆர்.வி.-8-இல் ஒருவர் பின் ஒருவராக அமர்வதால், இடப்புறச் சுவரில் த்ராட்டிலும் வலக்கையில் கோலும் அமைகின்றன. கட்டைவிரல் எந்தப் பக்கத்தில் வரும் என்பது இதனால் மாறுகிறது. வலக்கைக்கென்று வார்த்த கைப்பிடியை இடக்கைக்கு வாங்கியவர், கோலின் விசையைத் தணிக்கும் ட்ரிம் பொத்தானை ஒவ்வொரு முறை தேடும்போதும் மணிக்கட்டைத் திருக வேண்டியிருக்கும். ஆயத்தக் கைப்பிடிகளுட் சில இட, வல வகைகளாகவே விற்கப்படுவதன் காரணம் இதுதான்.

குழாயை அறுப்பது சாதாரணத் தச்சு வேலைபோலத் தோன்றினாலும், அதில் நெம்புகோலின் விதி அடங்கியிருக்கிறது. சுழல்மூட்டிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்திலிருந்த கையை 45-க்கு இறக்கினால், அதே காரியத்துக்குக் கை நகரவேண்டிய தூரம் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. வேண்டிய விசையோ நூற்றுக்கு 11 பங்கு கூடுகிறது. கையில் ஏந்திய விசை ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு முதல் பத்துப் பங்கு மாறினாலே மனிதன் அதை உணரத் தொடங்குகிறான் என்பது உளவியலார் கண்டது. எனவே ஐந்து சென்டிமீட்டர் அறுத்தவர் அந்த வேறுபாட்டை நிச்சயம் உணர்வார். சான்றிதழ் பெற்ற சிறு விமானங்களுக்கு அமெரிக்காவில் நெடுங்காலம் வழங்கிய விதிகள், நீண்ட நேரம் தாங்கவேண்டிய விசை மூக்கை ஏற்றி இறக்குவதில் 10 பவுண்டுக்கும், பக்கவாட்டில் 5 பவுண்டுக்கும் மேற்படலாகாதென வரம்பிட்டன. தாமே கட்டுவோரை அவ்விதி கட்டுப்படுத்தாவிட்டாலும், மனிதக் கை களைக்காமல் தாங்கும் அளவு அதுவே என்பதற்கு அது நல்ல சாட்சி.

எடையைப் பற்றியும் ஒரு சொல். கோல் நேராக நிற்கும்வரையில் கைப்பிடியின் எடை தீங்கு செய்வதில்லை. அது விமானியை நோக்கிப் பத்துப் பாகை சாய்ந்திருந்தால், அரைக் கிலோ எடையுள்ள கைப்பிடி ஏறத்தாழ 87 கிராம் விசையுடன் பின்னோக்கி இழுத்துக்கொண்டிருக்கும். விமானம் வேகமாக வளைந்து, எல்லாப் பொருள்களின் எடையும் நான்மடங்காகும்போது, அந்த இழுப்பும் 350 கிராமை எட்டுகிறது. மூக்கு உயர உயரக் கைப்பிடி தானே மேலும் உயர்த்தச் சொல்லித் தூண்டுகிறது. பின்னிருக்கையிலும் மூட்டையறையிலும் சுமை ஏற்றப்பட்டு, பாரமையம் பின்தள்ளி, கோல் ஏற்கெனவே மிக லேசாகிவிட்ட சமயத்தில் இந்தத் தூண்டுதல் விரும்பத்தக்கதன்று. கனத்த உலோகத்தில் வார்த்த பழைய ராணுவக் கைப்பிடியை ஆசையோடு வாங்குவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

கைப்பிடியின் அமைப்பில் மிகவும் சிக்கலான பகுதி பொத்தான்களே. இரண்டாம் மகாயுத்தத்தின்போது அமெரிக்க விமானப்படையின் பி-17 முதலிய விமானங்கள், பழுது ஏதுமின்றித் தரையிறங்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரங்கள் மடங்கிச் சாய்ந்துபோன சம்பவங்கள் நிகழ்ந்தன. ஆல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலார் அவற்றை ஆராய்ந்து, சிறகின் பின்விளிம்பிலுள்ள இறக்கைமடலின் ஸ்விட்சும் சக்கரத்தின் ஸ்விட்சும் ஒரே வடிவில் அருகருகே இருந்தமையே காரணம் என்று கண்டார். மடலை மடக்க எண்ணிய களைத்த கை சக்கரத்தை மடக்கிவிட்டது. சக்கரத்தின் பிடியில் ஒரு சிறு ரப்பர்ச் சக்கரத்தையும், மடலின் பிடியில் ஓர் ஆப்பு வடிவத்தையும் பொருத்தினால், தொட்ட மாத்திரத்திலேயே கை வேறுபாட்டை அறியும் என்று அவர் காட்டினார். 1947-இல் ஃபிட்ஸ், ஜோன்ஸ் என்ற இருவர், விமானியின் பிழை என்று எழுதப்பட்ட 460 அனுபவங்களைத் திரட்டி ஆராய்ந்தபோது, ஒரு கட்டுப்பாட்டை மற்றொன்றென்று மயங்கியமையே அவற்றுள் மிகுதியாக இருந்ததைக் கண்டார்கள். பிழை புரிந்தவர் மனிதர்தாம். ஆயினும் அந்தப் பிழைக்கு இடம் வைத்தது யந்திரத்தின் அமைப்பு.

வீட்டுக் கொட்டகையில் கைப்பிடி அமைப்பவருக்கு இந்த ஆராய்ச்சி நேரடியாகப் பயன்படும். ஒவ்வொரு பொத்தானைச் சேர்க்கும்போதும், வேண்டியபோது எவ்வளவு எளிதில் அழுத்தலாம் என்பதோடு, வேண்டாதபோது அழுந்திவிட்டால் என்ன நேரும் என்பதையும் ஆராய வேண்டும். ரேடியோவிற் பேசும் பொத்தான் சுட்டுவிரலுக்கு உரியது. தரையை நெருங்கும் வேளையில் இரு கைகளும் வேலையாயிருக்கும்போது அது கைக்கெட்டவேண்டியது அவசியம். தவறி அழுந்தினாலும் பெருந்தீங்கில்லை. ஆனால் அது அழுந்தியபடியே சிக்கிக்கொண்டால், அந்த அலைவரிசையில் வேறெவரும் பேச முடியாமற் போகும். ட்ரிம் பொத்தானைக் கட்டைவிரலுக்கு அளிக்கலாம். முன்னே தள்ளினால் மூக்கு தாழவேண்டும், பின்னே இழுத்தால் உயரவேண்டும், கோலின் திசையும் இதன் திசையும் ஒன்றாயிருத்தல் வேண்டும். தானோட்டியைத் துண்டிக்கும் பொத்தான் கோலிலேயே இருப்பது உத்தமம், ஏனெனில் யந்திரம் தவறு செய்யும் கணத்தில் கை அங்கேதான் இருக்கும். எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் பொத்தானைக் கோலில் வைப்போரும் இருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினோடு ஸ்டார்ட்டரின் பற்சக்கரத்தை ஒரு தற்செயலான அழுத்தம் கோத்துவிடும் என்பதால், அதற்குத் தனியே ஒரு தடைஸ்விட்ச் இல்லாவிடில் அந்த ஏற்பாட்டை நான் ஒப்புக்கொள்ள இயலாது. இறக்கைமடலின் ஸ்விட்சும் அப்படியே. அதிவேகத்தில் மடல் தானே இறங்கினால் சிறகமைப்புக்கே பங்கம் நேரும். கருவிப் பலகையில் அதற்கு நல்ல இடம் இருக்கும்போது கோலுக்கு ஏன் கொண்டுவர வேண்டும்? நான்கு காரியங்களுக்குமேல் ஒரு கைப்பிடியில் ஏற்றுவது, என் மதிப்பீட்டில், விரல்களிடமிருந்து ஓய்வைப் பறிப்பதாகும்.

பொத்தானுக்குப் பின்னாலுள்ள மின்சாரம் தனி ஞானத்தை வேண்டுவது. கைப்பிடிக்குள் அடங்கும் சிறு ஸ்விட்சுகள் சொற்ப மின்னோட்டத்துக்கே செய்யப்பட்டவை. மோட்டாருக்கு வேண்டிய மின்னோட்டத்தை அவற்றின் வழியே செலுத்தாமல், அவை ஒரு ரிலேக்குக் கட்டளையிட, ரிலே மோட்டாரை இயக்கும்படி அமைக்க வேண்டும். ரிலேயின் சுருளில் மின்னோட்டம் அறும் கணத்தில், சுருளில் சேமிப்பாயிருந்த காந்த சக்தி நூற்றுக்கணக்கான வோல்ட்டாகத் துள்ளி ஸ்விட்சின் முனைகளைப் பொசுக்கும். அதைத் தன்வழியே சுற்றவிட்டு அடக்க ஒரு சிறு டயோடு போதும். ட்ரிம் பொத்தான் ஒட்டிக்கொண்டு மோட்டார் ஓடிக்கொண்டேயிருந்தால் கோலின் விசை கணத்துக்குக் கணம் ஏறும். உடனே வேகத்தைக் குறைப்பதும், பலகையில் கைக்கெட்டும் தூரத்திலுள்ள ஸ்விட்சால் ட்ரிம்மின் மின்சாரத்தைத் துண்டிப்பதும் அதற்குரிய பரிகாரம். அந்த ஸ்விட்சைக் கண்ணை மூடிக்கொண்டும் தொடப் பழகியிருக்க வேண்டும். இரு கோல்களிலும் ட்ரிம் வைத்திருப்பவர், பயணியின் முழங்கால் அறியாமல் அழுத்தும் சந்தர்ப்பத்துக்காக, இரண்டாம் கைப்பிடியை முழுவதும் செயலிழக்கச் செய்யும் மற்றொரு ஸ்விட்சையும் வைத்தல் நன்று.

கம்பிகளோ கோலோடு ஆயுட்காலம் முழுவதும் ஆடுபவை. அவை குழாயின் அடியில் வெளிவரும் இடத்தில் உலோக விளிம்பில் உராயாதபடி ரப்பர் வளையம் வேண்டும்; கோல் எந்த மூலைக்குப் போனாலும் இழுபடாத அளவுக்குத் தொய்வும், அந்தத் தொய்வே மூட்டில் சிக்கிக்கொள்ளாதபடி கட்டும் வேண்டும். இந்த இரண்டும் ஒன்றையொன்று எதிர்ப்பவை. பொறுமையுடன் பலமுறை அசைத்துப் பார்த்தே நடுவழியைக் காணலாம்.

தமக்கென்றே கைப்பிடி செய்துகொள்ள விரும்புவோர், மாதிரிக் களிமண்ணைக் குழாயில் அப்பி, இருக்கையில் அமர்ந்து, மெதுவாகப் பிடித்துப் பதிவு எடுத்துக்கொள்வது வழக்கம். அப்பதிவைக்கொண்டு வால்நட் மரத்தில் செதுக்குவோர் செய்யும் கைப்பிடிகள் கண்ணுக்கும் கைக்கும் பேரின்பம். மரம் வெயிலிலும் சுடுவதில்லை, குளிரிலும் சில்லிடுவதில்லை. முப்பரிமாண அச்சில் வார்ப்போர் பொருளைக் கவனிக்க வேண்டும். மிகுதியாக வழங்கும் பி.எல்.ஏ. ஏறத்தாழ 60 டிகிரி வெப்பத்திலேயே இளகத் தொடங்குவது. கண்ணாடிக் குமிழிபோன்ற மூடியின்கீழ் வெயிலில் நிறுத்திய விமானத்தினுள், கறுத்த பொருள்களின் மேற்பரப்பு அந்த வெப்பத்தை எட்டுவது அரிதன்று. பி.ஈ.டி.ஜி. 80 டிகிரி வரையிலும், ஏ.பி.எஸ். நூறு டிகிரிக்குச் சற்று மேலும் தாங்கும். எதில் செய்தாலும், கைப்பிடி குழாயோடு திருகாணியால் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். பசையையும் உராய்வையும் மட்டும் நம்பியிருக்கும் கைப்பிடி, ஒருநாள் முழுபலத்தோடு இழுக்கும் கையில் சுழன்று வந்துவிடும். கழற்றி எடுக்கக்கூடிய பயணிக் கோலுக்கும் இந்த எச்சரிக்கை இருமடங்காகப் பொருந்தும்.

முதலிற் செய்த கைப்பிடியே இறுதியானதாக அமைவது அபூர்வம். சில மணிநேரம் பறந்த பின்புதான், கட்டைவிரலுக்குப் பொத்தான் அரை அங்குலம் உயரத்தில் இருப்பதும், நீண்ட பிரயாணத்தில் சுண்டுவிரலுக்குத் தாங்கலின்றி மணிக்கட்டு நோவதும் தெரியவரும். ஆதலால் கம்பிகளைக் கைப்பிடியில் நேரடியாகப் பற்றவைக்காமல், கோலின் அடியில் ஓர் இணைப்பானை வைத்துவிட்டால், பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவது ஒரு மாலை வேலையாக முடிந்துவிடும். அவ்விதம் மாற்றும் ஒவ்வொரு முறையும், விமானி வார்ப்பட்டையைக் கட்டிக்கொண்டு, கோலை நான்கு மூலைகளுக்கும் முழுத் தூரம் கொண்டுசென்று, அது பலகையையோ த்ராட்டிலையோ தன் தொடையையோ பயணியின் தொடையையோ எங்கும் முட்டவில்லை என்பதையும், எய்லரானும் எலிவேட்டரும் தத்தம் எல்லை வரை சென்று திரும்புகின்றன என்பதையும் வெளியே நிற்கும் இன்னொருவரைக் கொண்டு கண்ணால் பார்க்கச் செய்து, ஒவ்வொரு பொத்தானையும் தனித்தனியே அழுத்தி அதன் காரியம் ஒன்றே நிகழ்கிறதென்று சோதித்து, செய்த மாற்றத்தை விமானத்தின் பதிவேட்டில் தேதியிட்டு எழுதிய பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும்.